4417 யார் என்று அக்கா கேட்கிறாள்

மச்சான் கொளஞ்சி, என் செல்லக் கழுதையே,

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். உன்னிடம் அதைக் கேட்டால் உனக்குச் சிரிப்பு வந்துவிடும். உனக்குச் சிரிப்பு வந்தால் முதலில் தோள் குலுங்கும், சத்தம் அப்புறம்தான் வரும். அதனால் கேட்கவில்லை. என் நலத்தைச் சொல்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது.

இன்றைக்குச் சனிக்கிழமை. பெரம்பலூரில் என் ரூமில் உட்கார்ந்து எழுதுகிறேன். காலையிலிருந்து மூன்று தடவை டீ குடித்தாயிற்று, ஒரு வாய் சோறு இறங்கவில்லை. நாளை மத்தியானம் கீழப்பழுவூருக்கு, உன் தமிழரசி அக்கா வீட்டுக்குப் போக வேண்டும். போகாமல் இருக்க ஏதாவது காரணம் கிடைக்காதா என்று பார்க்கிறேன். காய்ச்சல்கூட வரமாட்டேன் என்கிறது.

முதலில் என் சேதி. நான் விட்டுவிட்டேன், மச்சான். இந்த வைகாசியோடு ஒரு வருஷம். நீ இருந்தாயே, பெரம்பலூருக்கு வெளியே அந்தப் போதை மறுவாழ்வு மையம், அங்கேதான் நானும் போய்ச் சேர்ந்தேன். நீ படுத்த கட்டிலாகக்கூட இருக்கலாம், நான் கேட்டுக்கொள்ளவில்லை. இப்போது ஒரு மக்காச்சோள மண்டியில் மூட்டை எடை போடுகிற வேலை. லாரி ஓட்டுவதில்லை.

மையத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வருஷம் தாண்டியவன் ஒரு கடிதம் எழுத வேண்டும். உயிரோடு இருப்பவருக்கோ போய்விட்டவருக்கோ, யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். அதை ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், உள்ளே இருப்பவர்களும் பார்க்க வந்த குடும்பத்தாரும் கேட்க, சத்தமாகப் படிக்க வேண்டும். அடுத்த வாரம் என் முறை. அதனால்தான் உனக்கு எழுதுவதை ஊரே கேட்கிற மாதிரி எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததையே திருப்பிச் சொன்னால் பொறுத்துக்கொள். அங்கே உட்கார்ந்திருக்கும் அம்மாக்களுக்கு நம் பாஷை தெரியாது.

நம் பாஷை! என்ன பெருமை அடித்துக்கொண்டோம் அதைப் பற்றி. உள்ளே போய்விட்டு வந்தவர்கள் ஜெயிலிலிருந்து வார்த்தைகளை மூட்டை கட்டிக்கொண்டு வருவார்கள். கத்திக்குப் ‘பொருள்’ என்பார்கள், கொலைக்குச் ‘சம்பவம்’ என்பார்கள். அதெல்லாம் நமக்குப் பெரிய மனுஷ வார்த்தைகள். நாம் அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் குவாரியில் டிப்பர் ஓட்டினவர்கள். நம் வார்த்தை எல்லாம் லாரியிலிருந்து வந்தது. போதை மாத்திரைக்கு லோடு. மாத்திரை கிடைக்காமல் உடம்பு முறுக்கி வலித்தால் பஞ்சர். வீட்டில் சொல்லும் பொய்க்குத் தார்பாய். போலீஸ், ஆஸ்பத்திரி, நம்மை நிறுத்திவைத்துக் கேள்வி கேட்கிற எந்த இடமாக இருந்தாலும் அது எடைமேடை. இவ்வளவுதான் நம் பாஷை. ஒரு பக்கத்தில் எழுதி முடித்துவிடலாம்.

அந்த வார்த்தைகளைப் பேசும்போது ஒரு தைரியம் வந்தது, உனக்கு ஞாபகம் இருக்கிறதா? “மாத்திரை போட்டேன்” என்று சொல்லிப் பார், நோயாளி மாதிரி இருக்கும். “லோடு ஏத்திட்டேன்” என்றால் ஏதோ வேலை பார்த்த மாதிரி இருக்கும். அம்மா முன்னால் நின்று பேசினாலும் அம்மாவுக்குப் புரியாது. புரியாமல் அவர்கள் விழிப்பதைப் பார்த்து நாம் உள்ளுக்குள் சிரித்தோம். தூ, என்ன பிழைப்பு அது.

உன் அக்காவிடம் நீயும் சொல்லியிருக்கிறாய். போர்வையைப் போர்த்திக்கொண்டு நடுங்கிக்கொண்டே, “வண்டி பஞ்சர்க்கா, அதான் வேலைக்குப் போவல” என்றாயாம். அக்கா வாசலுக்குப் போய் உன் பைக்கின் இரண்டு டயரையும் அமுக்கிப் பார்த்தாளாம். காற்று நன்றாகத்தான் இருந்ததாம். இதை அவள் என்னிடம் சொன்னபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் டயரை அமுக்கிய கையைப் பார்க்க முடியவில்லை.

அக்கா எப்படி என்னிடம் வந்து சேர்ந்தாள் என்று கேட்கிறாயா? மார்கழி மாதம் ஒருநாள் மையத்துக்கு வந்தாள். கையில் உன் போன். யாரோ ஒரு செல்போன் கடைக்காரரிடம் கொடுத்துப் பூட்டைத் திறந்திருக்கிறாள். உள்ளே இருந்ததெல்லாம் தமிழ்தான், ஆனால் ஒரு வரியும் புரியவில்லை. மையத்தில் யாராவது படித்துச் சொல்வார்களா என்று கேட்டாள். அங்கே இருக்கும் டாக்டரம்மா யோசிக்கவே இல்லை. “கலியபெருமாளைக் கேளுங்கம்மா, அவனும் அரியலூர் குவாரிப் பக்கம்தான்” என்று என்னைக் கைகாட்டிவிட்டார். என்னை அக்கா அடையாளம் கண்டுகொண்டாள். நீயும் நானும் ஒரே முதலாளிக்கு ஓட்டினோம் என்பது அவளுக்குத் தெரியும். “அவன் போன அன்னைக்கு நீங்க எங்க தம்பி இருந்தீங்க?” என்று கேட்டாள். ஆந்திராவுக்கு லோடு ஏற்றிக்கொண்டு போயிருந்தேன் என்று சொல்லிவிட்டேன். நாக்கு தானாகச் சொன்னது. அந்த நாக்குக்கு அதுதானே பழக்கம்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் கீழப்பழுவூர். அக்கா ஒரு நீளமான நோட்டு வாங்கியிருக்கிறாள். இடது பக்கத்தில் உன் போனில் இருப்பதைத் தன் குண்டுக் கையெழுத்தில் எழுதிவைப்பாள். வலது பக்கம் எனக்கு. ஒவ்வொரு வரிக்கும் எதிரே நல்ல தமிழில் அர்த்தம் எழுத வேண்டும். வாரத்துக்கு ஐந்து வரி, ஆறு வரி. சத்துணவுக்கூடத்தில் சமைக்கிற கை, அரிசியில் கல் பொறுக்குவது போல ஒவ்வொரு வார்த்தையாகப் பொறுக்கும். பழையதிலிருந்து ஆரம்பித்துப் புதியதை நோக்கி வரிசையாகத்தான் வருவாள். கடைசியை முதலில் பார்த்துவிடலாமே என்று அவள் வீட்டுக்காரர் திருப்பூரிலிருந்து போனில் சொன்னாராம். “அவன் எப்புடிக் கெட்டான்னு மொதல்லேருந்து தெரியணும்” என்று சொல்லிவிட்டாளாம்.

எனக்குத் தட்டு தனியாக வைத்திருக்கிறாள், மச்சான். விளிம்பு கொஞ்சம் நசுங்கிய எவர்சில்வர் தட்டு. கருவாட்டுக் குழம்பும் மொச்சையும் வைத்துவிட்டு நான் சாப்பிடுவதையே பார்ப்பாள். பங்குனியில் உன் தலைத்திவசத்துக்கும் கூப்பிட்டாள். போனேன். உட்கார்ந்து சாப்பிட்டேன். இரண்டாவது தடவை வடை வைத்தபோது வேண்டாம் என்று கையை மறைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. எப்படி இறங்கியது அந்த வடை என்று இப்போது நினைத்தாலும் வியர்க்கிறது.

சரி, பயம் என்றேனே, அதற்கு வருகிறேன். நாம் யாரும் போனில் பேரைப் போட்டுவைப்பதில்லை. போலீஸ் கையில் சிக்கினால் ஒருத்தனோடு போகட்டும் என்று, அவனவன் ஓட்டும் வண்டி நம்பரைத்தான் போட்டுவைப்போம். உன் போனில் நான் 4417. நீ போன மறுநாளே நான் சிம்மை உடைத்துப் போட்டுவிட்டேன். அக்கா அந்த எண்ணுக்கு எத்தனையோ தடவை அடித்துப் பார்த்திருக்கிறாள்.

“இந்த நாலு நாலு ஒண்ணு ஏழு யாரு தம்பி?” என்று தை மாதம் முதல் தடவை கேட்டாள். தெரியாது அக்கா, அவன் அப்போதே ஊரைவிட்டுப் போய்விட்டான் என்றேன். அப்புறம் மாசியில் கேட்டாள். போன வாரமும் கேட்டாள். “மத்தவனையெல்லாம் நம்பர் சொல்லித்தான் கூப்புடுறான். இவன ஒருத்தன மட்டும் மச்சாங்கிறான், பாத்தீங்களா? ரொம்ப நெருங்குனவனாத்தான் இருந்திருப்பான்.” நான் பேனா மூடியைத் தேடுவது போலப் பாய்க்கு அடியில் தடவிக்கொண்டிருந்தேன். மூடி பேனாவிலேயே இருந்தது.

போன வாரத்தோடு நோட்டில் நீ மையத்துக்குப் போகும் வரைக்கும் இருந்ததெல்லாம் முடிந்துவிட்டது. மிச்சம் ஒரே ஒரு நாள்தான். நீ மையத்திலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாள், கல்லங்குறிச்சித் தேர் அன்று. அந்த நாளில் உன் போனில் ஆறு வரிகள் இருக்கின்றன. மூன்று நீ எழுதியது, மூன்று நான் எழுதியது. எனக்கு ஆறும் மனப்பாடம்.

அந்த ஆறு வரியைச் சொல்லும் முன்னால், கூட்டத்தில் இருப்பவர்களுக்கு எலுமிச்சம்பழத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். புது வண்டியோ, ஒர்க்‌ஷாப்பில் வேலை முடிந்து வந்த வண்டியோ, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் ரோட்டில் இறங்கும். நம் கூட்டத்திலும் அப்படி ஒரு சடங்கு வைத்திருந்தோம். ஜெயிலுக்கோ மையத்துக்கோ போய்விட்டுத் திரும்பியவன் ஒர்க்‌ஷாப் போய் வந்த வண்டி. அவனுக்கு மரியாதை செய்ய வேண்டும். எல்லாரும் காசு போட்டு, முதல் லோடு, பழைய அளவுக்கு முழு லோடு, அவனுக்கு. அதற்குப் பேர் எலுமிச்சம்பழம் வைப்பது. வாங்காமல் போனால் வண்டிக்கு ஆகாது என்று ஒரு சாங்கியம் வேறு.

நாலைந்து நாள் உள்ளே இருந்து வந்தவர்களுக்கு வைத்திருக்கிறோம், ஒன்றும் ஆகவில்லை. நீ எண்பது நாள் இல்லாமல் இருந்தவன். இதைப் பிற்பாடு டாக்டரம்மா எனக்குச் சொன்னார். விட்டு இருந்தவன் உடம்பு பழைய அளவைத் தாங்காது, முன்பு தாங்கியதே அப்போது எமன் ஆகிவிடும், மூச்சு நின்றுவிடும் என்றார். யாராவது ஒரு ஆள் முன்னாலேயே சொல்லியிருந்தால் என்ன? ஆனால் நம்மிடம் யார் வந்து சொல்ல முடியும்? நம் பாஷைதான் யாருக்கும் புரியாதே.

அக்கா என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாள் தெரியுமா? தான்தான் உன்னைக் கொன்றுவிட்டதாக நினைக்கிறாள். மூன்று மாதமும் முழுசாக இருக்கட்டும் என்று டாக்டரம்மா சொன்னாராம். தேருக்குப் பிள்ளை வீட்டில் இருக்கட்டும், பெருமாளுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறேன் என்று அக்கா மன்றாடி உன்னைப் பத்து நாள் முன்னாலேயே கூட்டிக்கொண்டு வந்தாளாம். “அந்தப் பத்து நாளு இருந்திருந்தா எந்தம்பி இருந்திருப்பான்.” இதை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சொல்கிறாள். கல்லங்குறிச்சிக் கோயிலுக்குப் போவதையே விட்டுவிட்டாள். நான் கருவாட்டுக் குழம்பைப் பிசைந்துகொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறேன். என் பாரத்தை அவள் தலையில் ஏற்றிவிட்டு, அவள் கையாலேயே சாப்பிடுகிறேன்.

நாளை அந்த ஆறு வரிக்கு நான் அர்த்தம் எழுத வேண்டும். பொய் எழுதலாம். எழுதினால் கேட்க ஆள் இல்லை. 4417 எவனோ ஒரு படுபாவி, ஓடிவிட்டான், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டுக் கை கழுவிக்கொண்டு எழுந்துவிடலாம். உண்மையை எழுதினால் அந்தத் தட்டு போய்விடும். அந்த வீடு போய்விடும். போலீசுக்குப் போவாளோ என்னவோ. ஒரு வருஷமாக விட்டது திரும்ப வந்துவிடுமோ என்று அது ஒரு பயம். நீயே சொல்லு, நான் என்ன செய்ய? நீ இருந்திருந்தால் “போடா, பயந்தாங்கொள்ளி” என்று சொல்லிவிட்டுத் தோளைக் குலுக்கியிருப்பாய்.

இதுவரை சனிக்கிழமை எழுதியது.

இன்று திங்கட்கிழமை. மண்டியில் மத்தியானச் சாப்பாட்டு நேரம், மூட்டைமேல் உட்கார்ந்து எழுதுகிறேன். போய்விட்டு வந்துவிட்டேன், மச்சான்.

அரியலூரில் பஸ் மாறும்போது அடுத்த பெரம்பலூர் பஸ்ஸில் திரும்பி ஏறிவிடலாமா என்று இருந்தது. கீழப்பழுவூர் பஸ் ஒன்றை விட்டேன். இரண்டாவதையும் விட்டேன். மூன்றாவது வந்தபோது கண்டக்டர், “என்னா சார், வர்றீங்களா, இல்ல வேடிக்க பாக்குறீங்களா?” என்றார். கீழப்பழுவூருக்கு டிக்கெட் கேட்டுவிட்டேன்.

அக்கா மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். “இன்னைக்கு முடிஞ்சிரும் தம்பி” என்று நோட்டை என் பக்கம் தள்ளினாள். ஆறு வரியையும் ஒரே பக்கத்தில் எழுதி வைத்திருந்தாள். இரண்டிரண்டு வரிக்கு நடுவே நிறைய இடம் விட்டிருந்தாள்.

முதல் வரி நான் எழுதியது. ‘ஒர்க்‌ஷாப் முடிஞ்சு வண்டி வந்துடுச்சாமே.’ எதிரே எழுதினேன்: மையத்திலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டாயாமே.

இரண்டாவது உன்னுடையது. ‘வந்துட்டேன் மச்சான். ஆனா ஷெட்ல நிறுத்திட்டேன். இனிமே லோடு இல்ல.’

அந்த இடத்தில் என் கை நின்றுவிட்டது. ஷெட்ல நிறுத்திட்டேன் என்பது நம் பாஷையில் இல்லாத வார்த்தை. ஏற்றுவதற்கு வார்த்தை வைத்திருந்தோம், மறைப்பதற்கு வைத்திருந்தோம், விட்டுவிடுவதற்கு மட்டும் நமக்கு வார்த்தை கிடையாது. யாரும் விட்டதில்லை, அதனால் தேவைப்படவில்லை. நீதான் அதைப் புதிதாகக் கட்டி எழுதியிருந்தாய். அன்றைக்கு எனக்குப் புரியவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. படித்த உடனே புரிந்தது. புரிந்துதான் அடுத்த வரியை எழுதினேன்.

வலது பக்கத்தில் எழுதினேன்: நான் விட்டுவிட்டேன். இனிமேல் மாத்திரை போட மாட்டேன்.

அக்கா எட்டிப் பார்த்தாள். மொச்சைத் தோலோடு கை அப்படியே நின்றது. “விட்டுட்டானா?” என்றாள். ஆமாம் அக்கா என்றேன். “வந்த மறுநாளே அதத் தேடித்தான் ஓடுனான்னுல்ல நெனச்சேன்? அப்ப நான் கூட்டியாந்தது தப்பில்லையா தம்பி?” அவள் முகம் இளகிவிட்டது. இந்த ஆறு மாதத்தில் நான் பார்க்காத முகம் அது. உனக்குச் சத்தியமாகச் சொல்கிறேன், அந்த இடத்தோடு நிறுத்திவிட எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. அவளுக்கும் நிம்மதி கிடைத்தது, எனக்கும் தட்டு மிஞ்சும். எவனோ ஒரு 4417ஐ நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து திட்டிக்கொண்டிருந்திருக்கலாம்.

மற்ற வரிகளையும் எழுதினேன்.

‘எலுமிச்சம்பழம் வச்சாச்சு. மூணு மணிக்குக் குவாரிக்கு வா.’ இது நான். உனக்கான முழு அளவு தயார், மூன்று மணிக்குக் குவாரிக்கு வா என்று அர்த்தம் எழுதினேன்.

‘வேணாம் மச்சான். அக்கா தேருக்குப் புதுச் சட்டை எடுத்து வச்சிருக்கு.’ இது நீ. இதற்கு அர்த்தம் எழுத ஒன்றுமில்லை. அதையே திருப்பி எழுதினேன்.

‘பழத்த மிதிக்காம போனா வண்டிக்கு ஆகாது. சும்மா வந்து தலைய காட்டிட்டுப் போ.’ இது நான். வாங்கிக்கொள்ளாமல் போனால் உனக்குக் கெடுதல், வந்தே ஆக வேண்டும் என்று எழுதினேன்.

‘சரி. தலைய காட்டிட்டு மட்டும் போயிடுறேன்.’ இது நீ.

பக்கத்தின் மேலே 4417 என்று அக்கா எழுதியிருந்தாள். அதற்கு எதிரே மட்டும் காலி இடம். நான் என் பேரை எழுதினேன். கலியபெருமாள் என்று முழுசாக, நிறுத்தி, எழுத்துத் தெளிவாக எழுதினேன். எழுதிவிட்டு நோட்டை அவள் பக்கம் திருப்பி வைத்தேன்.

அவள் அந்தப் பேர் மேல் விரலை வைத்தாள். “இது ஒங்க பேரு” என்றாள்.

“ஆமாங்க்கா.”

“ஆந்திராவுக்குப் போயிருந்தேன்னீங்க.”

“தார்பாய், அக்கா.”

அந்த வார்த்தைக்கு அர்த்தம் அவளுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். அவள் கேள்வி கேட்டுக்கொண்டே போனாள், குரல் ஏறவே இல்லை. தலையைக் காட்ட வந்தவனுக்கு மாத்திரையைக் கொடுத்தது யார், ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சில் போட்டுவிட்டுப் போனது யார் என்று கேட்டாள். இரண்டும் நான்தான், பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டு வந்தேன், போட்டுவிட்டு ஓடிவிட்டேன் என்றேன். அப்புறம் அவள் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது.

“கொண்டாந்தப்ப உசுரு இருந்துச்சா?”

“குவாரில இருந்துச்சு அக்கா. கை சூடாத்தான் இருந்துச்சு. தண்ணி தெளிச்சோம், கன்னத்துல தட்டுனோம். எடைமேடைக்குப் போனா மாட்டிக்குவோம்னு பயந்துகிட்டு அரை மணி நேரம் அங்கயே நின்னுட்டோம். அப்பவே தூக்கியாந்திருந்தா பொழச்சிருப்பான்.”

அவள் அழுவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். எழுந்து போய் அடுப்பை அணைத்தாள். எனக்காக எடுத்து வைத்திருந்த அந்த நசுங்கின தட்டைத் துடைத்து, மற்ற தட்டுகளோடு அடுக்கினாள். அது அவற்றோடு சேர்ந்து எது என்று தெரியாமல் போய்விட்டது. திரும்பி வந்து உட்கார்ந்து, “அந்த ரெண்டாவது வரியப் படிங்க” என்றாள்.

படித்தேன். நீ எழுதியது போலவே முதலில் படித்தேன், அப்புறம் அர்த்தத்தையும் படித்தேன். “இன்னொரு தடவ” என்றாள். படித்தேன். நாலு தடவை படிக்கச் சொன்னாள். நாலாவது தடவை அவளே வாயைத் திறந்து என்னோடு சேர்ந்து சொன்னாள், ஷெட்ல நிறுத்திட்டேன், இனிமே லோடு இல்ல என்று. அப்போதுதான் அழுதாள். நானும் அழுதேன், ஆனால் அவள் எதிரில் அழ எனக்கு உரிமை இல்லை என்று பட்டது, வாசலுக்குப் போய்விட்டேன்.

செருப்பைப் போடும்போது பின்னால் வந்து நின்றாள். “கலியபெருமாள்” என்றாள். ஆறு மாதமாகத் தம்பி, தம்பி என்று கூப்பிட்டவள். “இனிமே சாப்பாட்டுக்கு வராதீங்க. போலீசுக்குப் போறதா வேணாமான்னு நான் யோசிச்சுக்கறேன். அடுத்த ஞாயித்துக்கெழம அங்க ஏதோ படிக்கப்போறேன்னீங்கல்ல? அதுல இந்த ஆறு வரியும் இருக்கணும். எந்தம்பி வேணாம்னு சொன்னது எல்லாருக்கும் கேக்கணும். நீங்க சொன்னதும் கேக்கணும்.”

சரிங்க என்று சொன்னேன். அக்கா என்று சேர்த்துச் சொல்ல வாய் வரவில்லை.

அவள் கூட்டத்துக்கு வருவாளா என்று தெரியாது. போலீசோடு வருவாளா, தனியாக வருவாளா, வராமலே இருப்பாளா? வாசல் பக்கம் ஒரு நாற்காலியைக் காலியாக வைக்கச் சொல்லியிருக்கிறேன். இதை எழுதும் கை இப்போதும் நடுங்குகிறது, ஆனால் இது பஞ்சர் இல்லை, மச்சான். பஞ்சர் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இது வேறு பயம். ஒன்றும் போடாமலே தாங்கிக்கொள்ள வேண்டிய பயம்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இந்தப் புதன்கிழமை மையத்திலிருந்து ஒருத்தன் வீட்டுக்குப் போகிறான், ஜெயங்கொண்டம் பக்கம், அவனும் டிப்பர் ஓட்டினவன்தான். எழுபது நாள் ஆயிற்று. அவனுக்கு எங்கேயோ ஒரு குவாரியில் இந்நேரம் எலுமிச்சம்பழம் தயாராகிக்கொண்டிருக்கும். கொடுப்பவர்கள் கெட்ட எண்ணத்தில் கொடுக்க மாட்டார்கள். நானும் அப்படிக் கொடுக்கவில்லை. மரியாதை என்றுதான் கொடுத்தேன், அன்பு என்றுதான் நினைத்தேன். அதுதான் என்னைக் கொல்கிறது.

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். புதன்கிழமை அவனோடு நானும் பஸ் ஏறுவேன். இனிமேல் அங்கிருந்து வெளியே போகிற ஒவ்வொருத்தனோடும் ஏறுவேன். போலீஸ் என்னை உள்ளே வைத்தால், வெளியே வந்த அன்றிலிருந்து ஏறுவேன். அவன் கூட்டம் எங்கே உட்கார்ந்திருக்கிறதோ அங்கே போய், டாக்டர் பாஷையில் இல்லை, நம் பாஷையிலேயே சொல்வேன்: ஒர்க்‌ஷாப் போய் வந்த வண்டி பழைய லோடு தாங்காது, எலுமிச்சம்பழம் வைக்காதீங்க, மூச்சுத் திணறினால் எடைமேடைக்குப் பயப்படாம உடனே தூக்கிட்டு ஓடுங்க. அடித்தாலும் சொல்வேன். அப்புறம் நீ கட்டின வார்த்தையையும் அவர்களுக்குக் கொடுத்துவிட்டு வருவேன். விட்டுவிட்டேன் என்று சொல்ல அவர்களிடமும் ஒரு வார்த்தை இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை அந்த நாற்காலியில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆறு வரியையும் தார்பாய் போடாமல் படிப்பேன். அந்த இரண்டாவது வரியை, ஷெட்ல நிறுத்திட்டேன் என்று நீ எழுதியதை மட்டும் இன்னும் சத்தமாகப் படிப்பேன்.

உலகத்திலேயே நீ ஒருத்தன் மட்டும் மச்சான் என்று கூப்பிட்ட,
4417,
கலியபெருமாள்